போஸ்டாபீஸ் அக்காவின் வீட்டுக்காரர்

எங்கள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் அவளுக்குப் பெயர் போஸ்டாபீஸ். அந்தப் பெயரை வைத்தது நான்தான், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊருக்குக் கடுதாசி எழுதுவாள். திங்கட்கிழமை வேலைக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிற தபால்பெட்டியில் போடுவாள். போட்டுவிட்டு, உள்ளே விழுந்ததா என்று பெட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பாள். தட்டினால் மட்டும் பெட்டி என்ன பதிலா சொல்லப்போகிறது? நாளடைவில் அவளுடைய சொந்தப் பெயரை எல்லாரும் மறந்தே போனார்கள். மேஸ்திரிகூட, "போஸ்டாபீஸ் எங்க போச்சு, பிரசவ வார்டு மூட்டை வந்து கிடக்கு" என்றுதான் கத்துவார்.

சலவைப் பிரிவு கட்டடத்தின் அடியில் இருந்தது. சன்னல்கள் கூரையை ஒட்டி இருக்கும். அதில் வானம் தெரியாது, வெளியே நடக்கிறவர்களின் கால்கள்தான் தெரியும். ஒரு பக்கம் துவைக்கிற இயந்திரங்கள், இன்னொரு பக்கம் உலர்த்துகிற இயந்திரங்கள், நடுவில் மடிக்கிற மேசை. எனக்கும் அக்காவுக்கும் மடிக்கிற வேலை. பெட்ஷீட்டை ஒரு ஆள் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விலகி நின்று உதறி, பிறகு நெருங்கி வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். மறுபடியும் விலக வேண்டும், மறுபடியும் நெருங்க வேண்டும். விலகி நிற்கும்போது இயந்திரச் சத்தத்தில் ஒருத்தி பேசுவது மற்றவளுக்குக் கேட்காது. நெருங்கும்போது ஒரு வாக்கியம் பேசிக்கொள்ளலாம். அவள் கதை முழுக்க எனக்கு அப்படித்தான் தெரியும், மடிப்புக்கு ஒரு வாக்கியமாக.

அவள் ஊர் ரயிலில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போகிற தூரம். அங்கே அப்பா, அம்மா, ஒரு தம்பி, ஒரு தங்கை. அப்பா மர அறுவை மில்லில் உழைத்து முட்டி தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்தவர். அந்த வீட்டில் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. எந்தக் கடுதாசி வந்தாலும், அது யார் பெயருக்கு வந்திருந்தாலும், எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும் வரை பிரிக்கக் கூடாது. முடித்ததும் தம்பி அதைப் பிரித்து நடு வீட்டில் நின்று சத்தமாகப் படிப்பான். "கடுதாசிக்குத் தனி ஆள் சொந்தம் கிடையாது, வீட்டுக்கே சொந்தம்" என்பார் அப்பா. தங்கைக்கு யாரோ ஒரு பையன் எழுதியதைக்கூடத் தம்பி "அன்பே" என்பதிலிருந்து நிறுத்தி நிதானமாகப் படித்தானாம். அத்தனை பேர் கேட்டுவிட்ட பிறகு வேறு வழியில்லாமல் அந்தப் பையனுக்கே அவளைக் கட்டி வைத்தார்கள். நல்ல வீடு.

அக்காவின் புருஷன் ஐஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். ஆளுக்கும் வேலைக்கும் அப்படி ஒரு பொருத்தம். அவன் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். அடிக்கவில்லை, குடிக்கவில்லை. ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். வேலை முடிந்து வருவான், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான், சுவரைப் பார்த்துப் படுப்பான். கல்யாணமான புதிதில் நான் ஒரு தடவை அவர்கள் வீட்டுக்குப் போனேன். "வாங்க" என்று அவன் சொல்வான் என்று நானும் வெகுநேரம் வாசலில் நின்றேன். கடைசியில் நானாகவே உள்ளே வந்துகொண்டேன்.

அப்படிப்பட்டவனைப் பற்றிக் கடுதாசியில் என்ன எழுதுவது? முதலில் அக்கா ஒன்றும் எழுதவில்லை. வீட்டைப் பற்றி, தண்ணீரைப் பற்றி, எங்கள் மேஸ்திரியைப் பற்றி எழுதினாள். ஊரிலிருந்து கேள்வி வந்தது. "மாப்பிள்ளையைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே, ஏதும் சண்டையா?" நடு வீட்டில் சத்தமாகப் படிக்கிற கடுதாசியில் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் எழுதினாள். வீட்டில் ஒரு நாற்காலிக்கு ஒரு கால் கட்டையாம், அது ஆடுமாம், அவர் தினமும் காலையில் அதன் முன்னால் நின்று, "இன்னிக்கு நீயா நானா, ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்" என்று சவால் விட்டுவிட்டுத்தான் உட்காருவாராம். நாற்காலி உண்மை, கட்டைக் காலும் உண்மை. மற்றதெல்லாம் அவள் கைவரிசை.

ஊரில் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். தம்பி பதில் எழுதினான், மாமா நாற்காலியை ஜெயித்தாரா என்று.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அவர் பேசாத ஞாயிற்றுக்கிழமையே இல்லை. குறட்டை விடுகிறீர்கள் என்று அவள் சொன்னால், "குறட்டையா? நான் தூங்கிக்கிட்டே வீட்டுக்குக் காவல் காக்கறேன், திருடன் எவனாவது வந்தானா பாரு" என்றாராம். "உங்க அம்மா தூரத்துல இருக்கறது மரியாதைக்கு நல்லது, சாப்பாட்டுக்குத்தான் கெட்டது" என்றாராம். இதைக் கேட்டு அக்காவின் அம்மா வெட்கப்பட்டுச் சிரித்து, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு இன்னொரு தடவை படிக்கச் சொன்னாளாம். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்களும் கடுதாசி நாளன்று சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். இவளுக்குக் கல்யாணத்தில் யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பாவம், அந்த ஆயிரத்தையும் பிறகு இவளே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை, முனை சேர்க்கக் கிட்டே வந்தவள், "அவர் போயிட்டார்" என்றாள்.

அடுத்த மடிப்பில், "எங்க?" என்று கேட்டேன்.

"ரயில்பாதைக்கு அந்தப் பக்கம். தையல்கடைக்காரி வீட்டுக்கு."

விலகினோம். நான் உதறின உதறலில் பெட்ஷீட் கிழிந்திருக்கும். மறுபடி நெருங்கினோம்.

"டேபிள் ஃபேனையும் தூக்கிட்டுப் போயிட்டார்" என்றாள்.

அவள் அழவில்லை. எனக்குத்தான் ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. மதியம் சாப்பாட்டு நேரத்தில், போய் நாலு கேள்வி கேட்கலாம் வா என்று கூப்பிட்டேன். "கேட்டா மட்டும் பேசிடவா போறார்" என்றாள். அதுவும் நியாயம்தான்.

அந்த வாரமாவது உண்மையை எழுதுவாள் என்று நினைத்தேன். எழுதினாள், அவர் ஒரு குடை வாங்கிய கதையை. மழை வருவதற்குள் வாங்கினால் மலிவு என்று கோடையிலேயே ஒரு குடை வாங்கி, வீடு திரும்புகிற பஸ்ஸிலேயே அதை மறந்து வைத்துவிட்டாராம். மறுநாள் அதே பஸ்ஸுக்குக் காத்திருந்து கண்டக்டரிடம் கேட்டால், அவர் யாரோ விட்டுப்போன பூப்போட்ட பெண்கள் குடை ஒன்றை நீட்டினாராம். இவரும் அதைக் கம்பீரமாகப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தாராம். புருஷன் ஓடிப்போன வாரத்தில் ஒரு பெண் எழுதுகிற கடுதாசியா இது?

"உனக்கென்ன பைத்தியமா அக்கா? இருக்கறத எழுத வேண்டியதுதான?"

"எழுதினா? நடு வீட்ல நின்னு தம்பி அதைச் சத்தமா படிப்பான். பக்கத்து வீட்டு ஜனமெல்லாம் உக்காந்திருக்கும். சிரிக்கலாம்னு வந்து உக்காந்தவங்க முன்னாடி நான் போய் அழவா?"

"அப்ப தம்பிக்கு மட்டும் தனியா எழுது."

"அந்த வீட்ல தனியா ஒண்ணும் கிடையாதுடி."

அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். ஊரிலிருந்து யாராவது ஒருத்தர் வந்து தன்னைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கடுதாசியும் "எல்லோரும் ஒரு முறை இங்கே வந்து போகவும்" என்றுதான் முடியும். ஒவ்வொரு பதிலும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றுதான் வரும். அப்பா ஒரு தடவை தம்பியை எழுதச் சொன்னாராம், "நல்லா இருக்கறவங்களைப் போய் எதுக்குப் பாக்கணும்? கடுதாசியைப் படிச்சாலே நேர்ல பாத்த மாதிரி இருக்கே." அந்த வரியை அவள் எனக்குப் படித்துக் காட்டியபோது எனக்கு அந்தக் கிழவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவரைச் சொல்லி என்ன பயன்? இவள் அவ்வளவு நன்றாக எழுதினாள். கொஞ்சம் மோசமாக எழுதியிருந்தால்கூட யாராவது சந்தேகப்பட்டு ரயில் ஏறியிருப்பார்கள்.

வருஷங்கள் இப்படியே போயின. அந்த ஆள் ரயில்பாதைக்கு அந்தப் பக்கமே இருந்தான். தலை வழுக்கையாகி, தொப்பை போட்டு, அடையாளம் தெரியாமல் ஊதிப்போனான். கடுதாசிக்குள் இருந்தவர் மட்டும் அப்படியே இருந்தார், குடையும் கையுமாக.

பிறகு அக்காவுக்குப் பித்தப்பையில் கல் என்று எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் செய்தார்கள். அவளைப் படுக்க வைத்திருந்த பெட்ஷீட் நாங்கள் மடித்ததுதான். கண் விழித்ததும் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "முனை சரியா சேரல. நீ அவசரத்துல மடிச்சது" என்றாள். பார்வையாளர் நேரத்தில் மற்ற கட்டில்களைச் சுற்றி எள் போட்டால் எள் விழாது. இவள் கட்டிலுக்கு நான் ஒருத்தி. நானும் வேலைக்கு இறங்கிப் போய்விட்டால் நாற்காலி காலியாக நிற்கும். நர்ஸ் வந்து, "உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டாளாம். "அவருக்கு வேலை" என்றாளாம் அக்கா. அங்கேயும் விடவில்லை.

அவள் படுக்கையில் இருந்த சமயத்தில் ஊரிலிருந்து கடுதாசி வந்திருந்தது. வீட்டுக் கதவிடுக்கில் கிடந்ததை நான்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். தம்பி எழுதியிருந்தான். இரண்டு வாரமாகக் கடுதாசி இல்லாமல் வீடே சப்பென்று இருக்கிறதாம். மாமா அந்தக் குடையைத் திருப்பிக் கொடுத்தாரா இல்லையா என்று அப்பா இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். மாமாவின் செய்திகளை உடனே எழுத வேண்டுமாம். அக்கா எப்படி இருக்கிறாய் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. நான் தாளைத் திருப்பி அந்தப் பக்கம்கூடத் தேடினேன்.

"பாத்தியா" என்றாள் அக்கா.

வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு திங்கட்கிழமை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் நடந்தாள். முதல் மடிப்புக்குக் கிட்டே வந்து, மேஸ்திரி காதில் விழாமல், "நேத்து அவரைக் கொன்னுட்டேன்" என்றாள்.

நான் என் பக்கத்து முனையை விட்டுவிட்டேன். வெளுத்த துணி ஈரத் தரையில் விழுந்து மறுபடி துவைக்கப் போனது.

"யாரை?"

"கடுதாசில. நெஞ்சு வலி, தூக்கத்துலயே போயிட்டார், எல்லாம் முடிஞ்சாச்சுன்னு எழுதிப் போட்டுட்டேன்." அடுத்த பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள், "கஷ்டப்பட்டார்னு எழுத மனசு வரல."

எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டு தெரு தள்ளி, குத்துக்கல்லாட்டம் ஒரு ஆள் உயிரோடு இருக்கிறான். பஸ்ஸில் போகிறான், காய்கறி வாங்குகிறான். இது எத்தனை நாளைக்கு நிற்கும்?

"நல்லதுக்கு வராத ஜனம் கெட்டதுக்காவது வந்துதான ஆகணும்" என்றாள் அக்கா. விலகினோம், நெருங்கினோம். "வந்து பாப்பாங்க. நான் தனியா கிடக்கறது கண்ணுல படும். எங்களோட வந்துருன்னு சொல்லுவாங்க. வான்னு ஒரு வார்த்தை போதும்டி, அப்படியே போயிருவேன். அங்க போய் அப்பா கால் பக்கத்துல ஒரு மூலைல படுத்துக்குவேன். இனி என்னால தனியா முடியல."

அதற்கு மேல் நான் என்னத்தைத் திட்ட?

அவள் கணக்கு தப்பவில்லை. வந்துவிட்டார்கள், அம்மா, தம்பி, தங்கை மூன்று பேரும். அப்பாவால் முட்டியை வைத்துக்கொண்டு ரயிலில் வர முடியவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கே வந்து, வழி கேட்டு, எங்கள் அடித்தளத்துக்கு இறங்கி வந்தார்கள். அம்மா வாசலிலேயே ஓவென்று அழுதுகொண்டு அக்காவைக் கட்டிக்கொண்டாள். சலவைப் பிரிவில் இருந்த மற்ற பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். அவர்களுக்கெல்லாம் தையல்கடை விவகாரம் தெரியும். நான் இயந்திரத்துக்குப் பின்னால் போய், "எவளாவது வாயைத் திறந்தீங்க, அழுக்கு மூட்டையோட மூட்டையா கட்டிப் போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரும் திறக்கவில்லை. என் வாய்க்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

அக்கா அழவில்லை. அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே நின்றாள். "கல்லாயிட்டா பாரு எம்பொண்ணு" என்று அம்மா இன்னும் அழுதாள்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் நானும் இருந்தேன். ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை, கொடியில் அவள் துணி மட்டும். கண் உள்ள யாருக்கும் அது ஒருத்தி மட்டுமே வாழ்கிற அறை என்று தெரிந்திருக்கும். ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு தலையணை. ஆனால் அவர்கள் பார்த்தது அதையெல்லாம் இல்லை. தம்பி அந்த நாற்காலி முன்னால் மண்டியிட்டு, கட்டைக் காலைத் தொட்டுப் பார்த்தான். தங்கை அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்தப் பூப்போட்ட குடை எங்கக்கா?" என்றாள்.

அக்கா கொஞ்சம் திணறினாள். பிறகு, "அதையும் அவரோடயே அனுப்பிட்டேன்" என்றாள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

பிறகு அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். தம்பி அவர் சொன்னது ஒவ்வொன்றையும் அவர் குரலில் சொல்லிக் காட்டினான். அவனாக ஒரு குரல் வைத்திருந்தான் அவருக்கு, கொஞ்சம் கட்டையாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். எத்தனை வருஷம் படித்துப் படித்துப் பழகியிருப்பான். அம்மா அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் செய்தி கேட்டு ஒரு வேளை சாப்பிடவே இல்லையாம். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் சாமான் வாங்க எல்லாரும் பஸ்ஸில் போனோம். எது நடக்கக் கூடாது என்று நான் பயந்துகொண்டிருந்தேனோ அது அடுத்த நிறுத்தத்தில் ஏறியது. அந்த ஆள்தான். மடியில் டேபிள் ஃபேனை வைத்துக்கொண்டு எங்களுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்தான். அம்மா அவனைக் கல்யாணத்தில் பார்த்ததுதான். அப்போது ஒல்லியாக, தலை நிறைய முடியோடு இருந்தவன். தம்பிக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. அந்த ஆளுக்கு மட்டும் இவர்கள் எல்லாரையும் தெரிந்துவிட்டது. முகம் வெளுத்துப்போய் ஃபேனைக் கட்டிக்கொண்டான்.

அம்மா அவனையே பார்த்தாள். பிறகு அக்கா பக்கம் சாய்ந்து, பஸ்ஸுக்கே கேட்கிற ரகசியத்தில் சொன்னாள், "அந்த மனுஷன் மூஞ்சியப் பாரு, கடனைக் கேக்க வந்தவன் மாதிரி உம்முனு. நம்ம மாப்பிள்ளை அந்த எடத்துல உக்காந்திருந்தா இந்நேரம் பஸ்ஸே சிரிச்சிருக்கும். இவனையெல்லாம் விட்டுட்டு அவரைப் போய்..."

அவன் காதில் அது விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டு அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டான். அது அவன் இறங்க வேண்டிய இடம் இல்லை. பஸ் நகர்ந்த பிறகு அக்கா சன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். "ஃபேன் ஓடல போல" என்றாள் என்னிடம்.

அவர்கள் ஊருக்குத் திரும்புகிற நாளன்று காலையில் அக்காவோடு ஸ்டேஷனுக்குப் போக நான் வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் ஒரு பை இருந்தது. அவளுடைய துணிகள் எல்லாம் அதில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. கொடி காலியாகக் கிடந்தது. நான் பையைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். "இன்னும் கேக்கல" என்றாள் மெதுவாக. "ஸ்டேஷன்ல கேப்பாங்க."

பையைக் கையில் எடுக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. யாராவது ஒரு வார்த்தை சொன்னால் நான் ஓடிவந்து எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்று சாவியை என்னிடம் கொடுத்தாள். ஸ்டேஷன் பக்கம்தான்.

ரயில் நின்றுகொண்டிருந்தது. தம்பி மூட்டைகளை ஏற்றினான். தங்கை உள்ளே போய் உட்கார்ந்தாள். அம்மா மட்டும் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பெட்டி வாசலில் நின்றாள்.

"உன்னையும் கூட்டிக்கிட்டுப் போயிரலாம்னுதாம்மா வந்தோம். அப்பா அப்படித்தான் சொல்லி அனுப்பினார்" என்றாள் அம்மா.

என் கை சாவியை இறுக்கிப் பிடித்தது.

"ஆனா இங்க வந்து பாத்தப்புறம் மனசு வரல. அவர் உக்காந்த நாற்காலி, அவர் படுத்த இடம். அப்படி ஒரு மனுஷனோட வாழ்ந்த வீட்ட விட்டுட்டு வான்னு உன்னை எப்படிக் கூப்பிடறது? கூப்பிட்டா அது பாவம். அவர் நெனப்புலயே நீ இருந்துக்குவே. தம்பிகூட அதையேதான் சொன்னான்."

அக்கா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு சொன்னாள். சத்தம் போடாமல், சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அம்மா, அவர் அப்படிப்பட்டவர் இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை சிரிச்சுப் பேசினது கிடையாது. நானா எழுதினது எல்லாம். அவர் என்னை விட்டுட்டு வேற ஒருத்தி வீட்டுக்குப் போயி எத்தனையோ வருஷம் ஆச்சு. இன்னும் அங்கதான் இருக்கார். நான் தனியாதான் இருக்கேன். என்னைக் கூட்டிட்டுப் போயிரும்மா."

இத்தனை வருஷமாக அவள் எழுதியிருக்க வேண்டிய கடுதாசி அதுதான். மொத்தமாகவே நாலைந்து வரி.

அம்மாவின் முகம் மாறியது. கோபமில்லை, இரக்கம். அக்காவின் கன்னத்தைத் தடவினாள். "அப்படியெல்லாம் பேசாதே கண்ணு. போனவங்க மேல கோவம் வரும், வரத்தான் செய்யும். எனக்கும் எங்க அண்ணன் போனப்ப அப்படித்தான், அவன் ஆளே சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஆறு மாசம் போனா சரியாயிரும்."

"கோவம் இல்லம்மா, நெஜம்."

"எது நெஜம்? எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனா ஒவ்வொரு கடுதாசியும் மனப்பாடம். எல்லாத்தையும் பெட்டில வெச்சிருக்கோம். எல்லாம் உன் கையெழுத்துதான? நீயே எழுதிட்டு நீயே இல்லைன்னா எப்படி?"

நான் குறுக்கே புகுந்து, "அவங்க சொல்றது உண்மைங்க" என்றேன். "பாத்தீங்கல்ல, பஸ்ஸுல வந்தானே, ஃபேனோட, அந்த ஆள்தான்" என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். துக்க வீட்டில் வந்து கோள் மூட்டுகிறவளைப் பார்க்கிற பார்வை. "நல்ல சிநேகிதி வெச்சிருக்கே" என்று அக்காவிடம் சொன்னாள். தம்பி மேலிருந்து கையை நீட்டி அம்மாவை ஏற்றிக்கொண்டான். ரயில் கிளம்பும்போது அவன் சன்னலில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எழுதுக்கா" என்றான்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். வழியெல்லாம் அம்மாவையும் தம்பியையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வந்தேன். அக்கா வீட்டுக்குப் போய்ப் பையிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். நானும் கூட நின்று போட்டேன்.

அதற்குப் பிறகு அவள் ஊருக்கு எழுதவில்லை. எழுத உட்கார்ந்தாளாம், ஒன்றும் வரவில்லையாம். திங்கட்கிழமைகளில் வாசலில் இருந்த தபால்பெட்டியைக் கடந்து நேராக உள்ளே வந்தாள். மடிக்கும்போதும் பேச்சு குறைந்துவிட்டது. நெருங்கினோம், விலகினோம், அவ்வளவுதான். புதிதாக வந்த பெண்களுக்கு அவளை ஏன் போஸ்டாபீஸ் என்கிறோம் என்றே தெரியவில்லை.

சில மாதம் கழித்துத் தம்பியிடமிருந்து கனமான ஒரு உறை வந்தது. அதை வேலைக்குக் கொண்டுவந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தாள். அவளிடமிருந்து புதிதாகக் கடுதாசி வராததால் வீட்டில் பழையதையே எடுத்து முதலிலிருந்து படிக்கிறார்களாம், பக்கத்து வீட்டுக்காரர்களும் வருகிறார்களாம், அப்பா முன்னைவிட அதிகமாகச் சிரிக்கிறாராம். அக்காவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அதில் ஒன்றைத் திருப்பி அனுப்பியிருந்தான். படித்துவிட்டு மறக்காமல் திருப்பி அனுப்பிவிட வேண்டுமாம்.

பல வருஷத்துக்கு முன்னால் அவளே எழுதியது. அவள் எழுதியதை அவளே அதுவரை திரும்பப் படித்தது கிடையாது. அவளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் அவர் லீவு போட்டுவிட்டுக் கஞ்சி வைத்த கதை அது. உப்புக்குப் பதில் சர்க்கரை, சர்க்கரையைச் சரிக்கட்ட உப்பு, உப்பைச் சரிக்கட்டத் தண்ணீர் என்று போட்டுப் போட்டு, கடைசியில் ஒரு ஆளுக்கு வைத்த கஞ்சி தெருவுக்கே ஆனதாம். "உடம்பு சரியாகிற வரைக்கும் படுத்திரு, சரியாகாட்டியும் படுத்திரு, நான் இங்கதான் உக்காந்திருப்பேன்" என்று கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாராம்.

அக்கா சாப்பாட்டை மறந்துவிட்டு அதைப் படித்தாள். கஞ்சி வரும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை பாதிக்கு மேல் போக முடியவில்லை. அந்த ஆள் ஃபேனோடு போனபோது அழாதவள், அம்மா கட்டிக்கொண்டு கதறியபோது அழாதவள், ரயில் போன பிறகும் அழாதவள், மடிக்கிற மேசைமேல் தலையை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நான் சோற்றுக் கையோடு அவள் பக்கத்தில் போய் நின்றேன். யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"நல்ல மனுஷன்டி" என்றாள். "இனிமே ஞாயித்துக்கிழமையானா நான் யாரோடடி பேசறது?"